ஆவுரோஞ்சிக் கல்லுக்கு நான் போட்ட வேலி

அஞ்சு வருசத்துக்கு முந்தி, கொரோனாவாலை பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த நேரம் துவங்கின கதை இது. இடம் கரவெட்டிப் பக்கம். எங்கடை ஊர் வயல்வெளி முடியிற இடத்திலை ஆடு மாடு மேயிற தரவை ஒண்டு இருக்கு. அதின்ரை ஓரத்திலை ஒரு பழைய கேணி. நான் சரித்திரம் படிப்பிக்கிற ரீச்சர். வீட்டுக்குள்ளை அடைஞ்சு கிடந்து விசர் பிடிக்கிற மாதிரி இருந்ததாலை, பின்னேரங்களிலை அந்தப் பக்கம் நடக்கத் துவங்கினன்.

ஒருநாள் கேணியடி முள்ளுப் பற்றைக்கு அங்காலை எட்டிப் பாத்தால் ரெண்டு கல்லுத் தூண் நிக்குது. என்ரை நெஞ்சளவு உயரம். மேல்பக்கம் எண்ணெய் தடவினது போலை வழுவழுவெண்டு கிடக்கு. ஐயோ, எனக்குச் சந்தோசத்திலை கையும் ஓடேல்லைக் காலும் ஓடேல்லை. ஆவுரோஞ்சிக் கல்! மாடுகள் உடம்பை உரோஞ்சித் தினவு தீர்க்கட்டுமெண்டு அந்தக் காலத்துச் சனம் நட்டுவைச்ச கல்லு. கேணிக்கு மூண்டு பக்கம் படி, நாலாவது பக்கம் மாடு இறங்கித் தண்ணி குடிக்கச் சாய்வாக் கல்லுப் பாவியிருக்கு. எத்தினை நூறு வருசப் பழசெண்டு ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது. வாயில்லாச் சீவனுக்கும் ஒரு வழி வைச்சுக் கட்டின மனுசரை நினைக்க எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு.

அடுத்த கிழமையே ஊர்ச் சங்கத்து ஆக்களைச் சேர்த்துப் பற்றை வெட்டித் துப்புரவாக்கினம். மறுநாள் விடிய ஆசையோடை போய்ப் பாக்கிறன், ஒரு சிவப்புப் பசு அந்தக் கல்லிலை முதுகைக் குடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுகமா உரோஞ்சுது. சாய்விலை ஏழெட்டு மாடு நிண்டு தண்ணி குடிக்குது. ஆடுகள் படியிலை ஏறி, கல்லிடுக்கிலை முளைச்சதுகளைக் கடிக்குது. துப்புரவாக்கின இடமெல்லாம் சாணகம். எனக்குப் பத்திக்கொண்டு வந்திது.

மாடுகளோடை ஒரு மனுசி நிண்டா. நாப்பது வயசு மதிக்கலாம், என்னைவிடப் பத்துப் பன்ரெண்டு வயசு குறைவு. சட்டைக்கு மேலை ஒரு ஆம்பிளைச் சேட்டு, தலையிலை தொப்பி, பக்கத்திலை சைக்கிள். வடிவா உற்றுப் பாத்தால் எங்கடை ஊர்தான், நான் கதைச்சுப் பழகாத ஆள்.

"என்ன பிள்ளை இது, உம்மடை மாட்டுக்கு உரோஞ்ச வேறை இடம் கிடைக்கேல்லையே? இது எவ்வளவு பழைய கல்லெண்டு தெரியுமோ உமக்கு?" எண்டு கேட்டன்.

"தெரியும் ரீச்சர். இதுகளின்ரை பரம்பரையே இந்தக் கல்லிலைதான் உரோஞ்சினது" எண்டா, சிரிச்சுக்கொண்டு.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கேல்லை. என்ரை கோபம் ஊரறிஞ்சது. பிள்ளையள் எனக்கு வைச்ச பட்டப்பேர் கொச்சிக்காய், அந்த உறைப்பு மிளகாய். தெரியாத மாதிரி நடிக்கிறனான், ஆனால் தெரியும்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒண்டிலை அக்கறை வந்தால் முதல் வேலை அதுக்கு வேலி அடைக்கிறது. கிணறெண்டாலும் சரி, கோயிலெண்டாலும் சரி, வீட்டிலை இருக்கிற குமர்ப்பிள்ளையெண்டாலும் சரி. நானும் அசல் யாழ்ப்பாணத்தாள்தானே. ஐப்பசி மழை துவங்கினவுடனை கேணியைச் சுத்திப் பூவரசங் கதியால் நட்டு முள்ளுக்கம்பி அடிக்க ஏற்பாடு செய்தன். மழை நேரம் பூவரசந் தடியை வெட்டி நட்டால் வேர்பிடிச்சு மரமா நிக்கும், எங்கடை வேலியெல்லாம் அப்பிடித்தான். இடம் மிச்சம் பிடிக்கிறதுக்காகப் படியின்ரை விளிம்போடை ஒட்டி நடச் சொன்னன்.

நட்டுக்கொண்டு நிக்கேக்கை அவ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா.

"ரீச்சர், வேலி போடுறதெண்டால் போடுங்கோ. ஆனால் பூவரசை உவ்வளவு கிட்ட நடாதேங்கோ. வேர் கல்லுக்குள்ளை ஓடும்."

தன்ரை மாடு நுழைய வழி தேடுறா எண்டுதான் நான் நினைச்சன். அடுத்த கதியாலை எடுத்துக் குடுத்தன்.

அவ விடேல்லை. சனசமூக நிலையத்திலை நாங்கள் கூட்டம் வைச்ச நேரம் வந்து, கடைசி வாங்கிலை இருந்து எழும்பிக் கேட்டா. கோடையிலை தரவையிலை வேறை தண்ணியில்லை, சாய்வுப் பக்கத்தை மட்டுமெண்டாலும் திறந்து விடுங்கோ எண்டா. நியாயமான கேள்வி. நான் என்ன செய்திருக்கவேணும்? ஓம் எண்டிருக்கவேணும். நான் எழும்பி நிண்டு, "உம்மடை மாட்டுக்காக எங்கடை பரம்பரைச் சொத்தை அழிய விடேலாது. மாடு வளத்தால் மட்டும் காணாது, கட்டி வளக்கவும் தெரியவேணும்" எண்டு வகுப்பிலை சத்தம் போடுற மாதிரிப் போட்டன். சனம் கைதட்டிச்சுது. அவ என்னை ஒருக்காப் பாத்தா, தொப்பியைத் தலையிலை வைச்சா, போயிட்டா. அந்தக் கைதட்டு எனக்கு அண்டைக்குத் தேன் மாதிரி இருந்தது. வெக்கமில்லாமல் சொல்லுறன்.

ரெண்டு வருசம் நான் ராசாத்தி மாதிரித் திரிஞ்சன். பூவரசு கிளைச்சு, மஞ்சள் பூப் பூத்து, கேணியைச் சுத்தி நல்ல நிழல். படம் எடுத்து முகநூலிலை போட, கனடாவிலையும் லண்டனிலையும் இருக்கிற சொந்தக்காரர் பாத்துப் புகழ்ந்து தள்ளினவை. "கேணியைக் காணேல்லை, உன்ரை வேலிதான் வடிவாத் தெரியுது" எண்டு என்ரை அவர் மட்டும் நக்கல் அடிச்சார். அவருக்கு ரசனை கிடையாதெண்டு விட்டிட்டன்.

மூண்டாவது மாரி முடிஞ்சு தை மாசம், ஒருநாள் படியிலை இறங்கேக்கை கால் தடக்கி விழப் பாத்தன். குனிஞ்சு பாக்கிறன், ஒரு படிக்கல்லு மற்றதைவிட நாலு விரல் உயர்ந்து நிக்குது. கீழை என்ரை மணிக்கட்டுத் தடிப்பிலை பூவரசம் வேர். சுத்திவரப் பாத்தன். அட கோதாரி! சாய்வுக் கல்லுகள் அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டாக் கிளம்பிப்போய்க் கிடக்கு. கேணிச் சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளி நிக்குது. ரெண்டு ஆவுரோஞ்சிக் கல்லிலை ஒண்டு கேணிப் பக்கம் சரிஞ்சிட்டுது. அப்பிடியே படியிலை குந்திப்போட்டன். எத்தினையோ நூறு வருசம் மாடு மிதிச்சும் ஆடாத கல்லு, நான் காப்பாத்தத் துவங்கி மூண்டே மாரியிலை ஆடிப்போச்சு.

பழைய கட்டடங்கள் திருத்திற வேலை தெரிஞ்ச ஒரு இளம் பொறியியலாளரை யாழ்ப்பாணத்திலை இருந்து கூட்டிக்கொண்டு வந்து காட்டினன். அவர் சுத்திவரப் பாத்திட்டு நெற்றியைத் தடவினார்.

"அம்மா, மரத்தைப் பிடுங்கினியளெண்டால் வேரோடை படியும் சேர்ந்து வரும். சும்மா விட்டால் வாற மாரியிலை தண்ணி உள்ளுக்கை போய், இந்தப் பக்கம் முழுக்கக் கேணிக்குள்ளை விழும். கல்லுத் தூணும் அதோடை போயிடும். மரம் நிண்ட நிலையிலையே சாகவேணும். வேர் வத்தினால் நான் வந்து சுண்ணாம்புச் சாந்து வைச்சு இறுக்கித் தாறன்."

"மருந்து அடிச்சால் என்ன தம்பி?"

"இந்தத் தண்ணிதானே கீழாலை ஊர்க் கிணறுகளுக்குப் போகுது. அந்தக் கதையே எடுக்காதேங்கோ." பிறகு கேட்டார், "உதை ஆர் இவ்வளவு கிட்ட நட்டது?"

"ஊர் ஆக்கள்" எண்டன். முப்பது வருசமாப் பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதேங்கோ எண்டு சொன்ன வாய்.

மரங்களை முழங்கால் அளவு விட்டுத் தறிச்சுப் பாத்தம். ஒரு கிழமைக்குள்ளை மிஞ்சின ஒவ்வொரு குத்தியிலையும் பத்துத் தளிர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கையாலை முறிச்சன். முறிக்க முறிக்க வந்திது. பூவரசுக்கு உயிர் எவ்வளவு கெட்டியெண்டு எங்கடை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்குனி பிறந்திட்டுது. ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாசம்தான் கிடக்கு. முழங்கால் நோவோடை அந்தக் குத்திக்குப் பக்கத்திலை இருந்து கொண்டு யோசிக்கேக்கை, கல்லிடுக்கிலை முளைச்சதுகளைக் கடிச்சுக்கொண்டு நிண்ட அந்த ஆடுகள் நினைவுக்கு வந்திது. வேலி அடைக்கிறதுக்கு முந்தி இந்தக் கேணியிலை ஒரு ஆலங்கண்டோ அரசங்கண்டோ தலை தூக்கினதில்லை. ஏன் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. உண்மையிலை இந்தக் கேணியைக் காத்தது ஆரெண்டு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

அவவின்ரை வீட்டுக்குப் போக மூண்டு தரம் வெளிக்கிட்டு மூண்டு தரமும் சந்தியிலை திரும்பி வந்தனான். நாலாவது தரம் படலையிலை நிண்டு கூப்பிட்டன். அவ மாட்டுக்குத் தவிடு கரைச்சுக்கொண்டு நிண்டா. கையைக் கழுவிப்போட்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, "இருங்கோ ரீச்சர்" எண்டா. நான் இருக்கேல்லை.

"தங்கச்சி, நீர் அண்டைக்குச் சொன்னது சரி. பூவரசு கல்லைக் கிளப்பிப்போட்டுது. உம்மடை ஆடுகளை விட்டுத் தளிரைக் கடிப்பிக்க ஏலுமோ எண்டு கேக்க வந்தனான்."

அவ தவிட்டு வாளியை ஓரமா வைச்சா. பிறகு கொட்டில் பக்கம் கையைக் காட்டினா. அந்தச் சிவப்புப் பசு நிண்டு அசை போட்டுது.

"நீங்கள் வேலி அடைச்ச முதல் கோடை, தண்ணிக்கு இதுகளை மெயின் றோட்டுக்கு அங்காலைக் குளத்துக்குச் சாய்ச்சுக்கொண்டு போனனான் ரீச்சர். மூண்டாம் நாள், உந்தச் சிவப்பியின்ரை கண்டுக்குட்டியை ஓடி வந்த வான் ஒண்டு அடிச்சுப்போட்டுது. றோட்டிலை என்ரை மடியிலைதான் கிடந்து செத்தது. இவ ரெண்டு கிழமை அந்த இடத்திலை நிண்டு கத்தினவ."

நான் சிவப்பியைப் பாத்தன். "ஏன் என்னட்டை வந்து சொல்லேல்லை?"

"சொன்னால் வேலியைப் பிடுங்கியிருப்பியளோ?"

பிடுங்கியிருக்கமாட்டன். அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். மாட்டைக் கட்டி வளக்காட்டி உப்பிடித்தான் எண்டும் சொல்லியிருப்பன். தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டன். போங்கோ எண்டு சொல்லப்போறா எண்டுதான் நினைச்சன்.

"ஆடு வரும்" எண்டா. "ஆனால் ரெண்டு விசயம். முள்ளுக்கம்பியை நீங்கள்தான் உங்கடை கையாலை வெட்டவேணும். மற்றது, வேலை முடிஞ்சாப்போலை திரும்ப அடைக்கக்கூடாது. சாய்வு எப்பவும் திறந்து கிடக்கவேணும். ஓமோ?"

"ஓம்" எண்டன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலமை, கைதட்டின அதே சங்கத்து ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்க, குறட்டாலை கம்பியை வெட்டினன். ஒருத்தர் உதவிக்கு வந்தார், வேண்டாமெண்டிட்டன். கையெல்லாம் முள்ளுக் கீறி இரத்தம். அவ அங்காலை நிண்டு ஆடுகளைப் பாத்துக்கொண்டு நிண்டா. என்ரை முகத்தைப் பாத்து அவ ஒருக்காலும் சிரிக்கேல்லை, அதையும் சொல்லவேணும்.

பிறகுதான் அவவின்ரை வேலையைக் கண்டன். ஒவ்வொரு குத்தியிலையும் மண்ணோடை சேர்த்து ஒரு சாண் அளவுக்குப் பட்டையை வளையமாக் கத்தியாலை சீவினா. காலமையும் பின்னேரமும் ஆடுகளை அரை மணித்தியாலம் விடுவா. தளிர் வந்தால் ஆடு கடிச்சிடும், மிச்சப் பட்டையையும் உரிச்சிடும், வேருக்குச் சாப்பாடு போகாது. அதிகம் விட மாட்டா, படியிலை துள்ளி விளையாட விட மாட்டா. ஒரு கிடாய் சுவரிலை ஏறினால் பேரைச் சொல்லி ஒரு அதட்டல்தான், இறங்கிடும்.

என்னைத் திகைக்க வைச்சது மாட்டு விசயம். கம்பி வெட்டியாச்சு, சாய்வு திறந்து கிடக்கு. ஆனால் அவ மாடுகளை இறக்கேல்லை. கேணிக்கு மேலை ஒரு பிளாஸ்ரிக் பரலைப் பாதியா வெட்டி வைச்சு, வாளியாலை தண்ணி அள்ளிக்கொண்டு வந்து ஊத்தினா. பன்ரெண்டு மாடு, பங்குனிச் சித்திரை வெய்யில். எத்தினை வாளி எண்டு நினைச்சுப் பாருங்கோ.

"இதுக்குத்தானே சாய்வைத் திறக்கச் சொன்னனீர்? பிறகேன் சுமக்கிறீர்?" எண்டு கேட்டன்.

"கல்லு ஆடுது ரீச்சர். மாட்டின்ரை பாரம் இப்ப தாங்காது. இறுகட்டும், பிறகு இறங்கட்டும்."

"மாடு தானா இறங்காதோ? வேலியும் இல்லையே?"

"நான் நிக்கிறன்தானே" எண்டா.

உண்மைதான். ஒரு விசில் அடிச்சால் சிவப்பி வைச்ச காலை எடுத்துப் பின்னாலை போவா, மற்றதுகள் அவவுக்குப் பின்னாலை. நான் மூண்டு வருசம் முள்ளுக்கம்பியாலை செய்ததை அந்த மனுசி ஒரு விசிலாலை செய்தா. அடுத்தநாள் தொட்டு நானும் ஒரு வாளியோடை போனன். பள்ளிக்கூடம் விட்டுச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணி அள்ள, இடுப்பு முறிஞ்சுபோகும். "மெதுவா ரீச்சர், உங்களையும் நான் சுமக்கேலாது" எண்டு ஒருநாள் பகிடி விட்டா. அவ என்னோடை பகிடி கதைச்சது அண்டைக்குத்தான் முதல் தரம். வீட்டை வந்து என்ரை அவருக்கு அதை மூண்டு தரம் சொன்னனான்.

ஆவணியிலை பூவரசு பட்டுப்போச்சு. பொறியியலாளர் வந்து வேரைக் கிள்ளிப் பாத்தார், காஞ்சு சுருங்கியிருக்கு. ஆனால் அவருக்கு வேறை கவலை. எந்தக் கல்லுக்குக் கீழை மண் கரைஞ்சு பொள்ளலாக் கிடக்கெண்டு வெளியிலை தெரியாது, எல்லாக் கல்லையும் கிளப்பிப் பாக்க மழைக்கு முந்தி நேரம் காணாது எண்டார். ஒரு வேலையாள் கல்லுக் கிளப்பிற அலவாங்கோடை நிண்டார். நான் அந்த அலவாங்குக்கும் சாய்வுக்கும் நடுவிலை போய் நிண்டன்.

"மாட்டைக் கேப்பம்" எண்டா அவ.

பொறியியலாளர் என்னைப் பாத்தார். நான் அவரைப் பாக்கேல்லை.

சிவப்பியைக் கயித்திலை பிடிச்சுக்கொண்டு சாய்வின்ரை மேல் விளிம்பிலை நிண்டா. மாடு ஒரு முன்னங்காலை மெதுவா வைச்சுது, பிறகு மற்றது. ஒரு இடத்திலை காலைத் தொட்டிட்டு எடுத்திட்டுது. "இது" எண்டா. என்ரை கைப்பையிலை கிடந்த சோக்கை எடுத்து நான் அந்தக் கல்லிலை கோடு போட்டன். பாரம் குடுக்கப் பயந்த இடமெல்லாம் மாடு அப்பிடியே காலை எடுத்திது, அவ உடனை பின்னுக்கு இழுத்து வேறை பக்கத்தாலை விட்டா. ஒருக்காலும் அவசரப்படுத்தேல்லை. "பொறு அம்மா, பொறு" எண்டு அதின்ரை காதுக்குள்ளை கதைச்சுக்கொண்டே நடந்தா. முடியேக்கை ஏழு கல்லிலை என்ரை சோக்குக் கோடு கிடந்தது.

பொறியியலாளர் மரச் சுத்தியலாலை தட்டிப் பாத்தார். ஏழும் பொள்ளல். தனக்குச் சந்தேகமாக் கிடந்த எட்டாவது கல்லொண்டை, மாடு தயங்காமல் மிதிச்ச கல்லை, கிளப்பிப் பாத்தார். கீழை மண் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. மனுசன் சுத்தியலைக் கீழை வைச்சிட்டார்.

"அக்கா, இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? மாட்டுக்குத்தான் தெரியும். நான் இருவது வருசமா இதுகளின்ரை காலைப் பாத்துக்கொண்டு பின்னாலை நடந்தனான், அவ்வளவுதான்."

அந்த ஏழு கல்லையும் மட்டும் கிளப்பி, வேரை வெட்டியெடுத்து, சாந்து வைச்சு இறுக்கினவை. சுவரையும் சரிஞ்ச தூணையும் நிமித்தி முட்டுக் குடுத்தவை. அப்பத்தான் நான் பொறியியலாளரிட்டை, "தம்பி, இந்தக் கதியாலை நட்டது ஊர் ஆக்கள் இல்லை, நான்தான். உந்த அக்கா வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல நட்டனான்" எண்டு சொன்னன். அவவும் கேட்டுக்கொண்டுதான் நிண்டா. சாந்துச் சட்டியை அங்காலை நகர்த்தி வைச்சா.

கார்த்திகையிலை மூண்டு நாள் விடாமல் அடிச்சுது மழை. வீட்டிலை ஒரு வேலையும் ஓடேல்லை எனக்கு. மூண்டாம் நாள் காலமை வானம் கொஞ்சம் வெளிக்க, குடையைப் பிடிச்சுக்கொண்டு வெள்ளத்துக்குள்ளாலை கேணியடிக்கு ஓடினன். அவ எனக்கு முந்தியே வந்து, நனைஞ்சுபோய் அங்கை நிண்டா. கேணி முட்டத் தண்ணி. சுவர் அசையேல்லை. சாய்வு அசையேல்லை. ரெண்டு ஆவுரோஞ்சிக் கல்லும் நிமிர்ந்து நிக்குது. நான் அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதன். "என்ன ரீச்சர், தடிமன் பிடிக்கப்போகுது, வீட்டை போங்கோ" எண்டா. ஆனால் கையை எடுக்கேல்லை.

தை பிறக்கச் சாந்து நல்லா இறுகிட்டுதெண்டு பொறியியலாளர் சொன்னாப்பிறகுதான், அவ மாடுகளைச் சாய்வாலை இறக்கினா. இப்ப மாட்டுப்பொங்கலுக்கு ஊர்ச் சனம் கேணியடிக்குத்தான் வருது. போன வருசம் சங்கத்திலை ஒரு பலகை எழுதி வைப்பம் எண்டு கதை வந்திது. காப்பாத்தினவ எண்டு அவவின்ரை பேரைத்தான் போடவேணும் எண்டு நான் எழும்பி நிண்டு சொன்னன். இந்த முறையும் சனம் கைதட்டிச்சுது.

"என்ரை பேர் என்னத்துக்கு?" எண்டா அவ. "மாடுகள் இஞ்சை வரலாம் எண்டு எழுதிவிடுங்கோ ரீச்சர், அது காணும்."

அப்பிடித்தான் எழுதியிருக்கு. பாக்கிற ஆக்கள் சிரிக்கினம். எனக்குச் சிரிப்பு வாறதில்லை. என்ரை வேலியாலை தன்ரை கண்டுக்குட்டியை மடியிலை சாகக் குடுத்த மனுசி, அதே வேலி ஆட்டின கல்லு விழக்கூடாதெண்டு ஒரு கோடை முழுக்க வாளியாலை தண்ணி சுமந்தவ. அவவிட்டை நான் இன்னும் வாய்விட்டு மன்னிப்புக் கேக்கேல்லை, கேக்க வாற ஒவ்வொரு தரமும் அது மாட்டுக் கதையிலை போய் முடியுது. அதாலைதான் இப்பவும் பள்ளிக்கூடம் விட்டால் கேணியடிக்குப் போய், அவ வேண்டாமெண்டாலும், அவவின்ரை மாடுகள் குடிச்சு முடியுமட்டும் பக்கத்திலை நிண்டிட்டு வாறன்.